மின்னோட்டம் குறைந்தும் வலிப்பு ஏன்? சோடியம் கால்வாயும் டிராவே நோயும்

உலக அளவில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது; ஆனால் அந்த ஒரு பெயருக்குள் அடங்கிக் கிடப்பவை பல நோய்கள். தலைக்காயம், மூளைக்கட்டி, பக்கவாதம், பிறக்கும்போது ஏற்பட்ட மூச்சுத்திணறல், மூளையில் தங்கிவிட்ட நாடாப்புழுவின் நீர்க்கட்டி எனக் காரணம் கண்ணுக்குத் தெரியும் வலிப்புகள் ஒருபுறம் இருக்க, எத்தனை முறை ஸ்கேன் எடுத்தாலும் மூளையில் எந்த வடுவும் தென்படாத வலிப்புகள் மறுபுறம் இருக்கின்றன. இந்த இரண்டாம் வகையைக் காரணம் அறியப்படாதவை என்று குறித்துவிட்டு மருத்துவ நூல்கள் நெடுங்காலம் கடந்து சென்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் அவற்றுள் ஒரு பகுதிக்கு விடை கிடைத்திருக்கிறது: நரம்பணுக்களின் மெல்லிய உறையில் பதிந்துள்ள அயனிக் கால்வாய்கள் என்னும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களில் நேர்ந்த பிழையே அவற்றின் மூலம். பிழை எந்தக் கால்வாயில் நேர்ந்தது என்பதோடு, அது கால்வாயின் வேலையைக் கூட்டியதா குறைத்ததா, எவ்வகை நரம்பணுவில் அதைச் செய்தது என்பதும் சேர்ந்துதான் நோயின் போக்கையும் மருந்தையும் தீர்மானிக்கின்றன. மருத்துவர்களும் ஆய்வாளர்களும் இதைக் கற்றுக்கொண்டதற்கு எஸ்சிஎன்1ஏ என்ற ஒரு மரபணுவின் வரலாறே பெரும் சான்று.

நரம்பணு ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. வெளியே சோடியம் அயனிகள் மிகுதி, உள்ளே பொட்டாசியம் அயனிகள் மிகுதி. இவ்விரண்டும் தாமாக உறையைக் கடக்க முடியாது, அவற்றுக்கென்று அமைந்த கால்வாய்ப் புரதம் திறந்தால்தான் வழி. தூண்டல் வந்து மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டும்போது சோடியம் கால்வாய்கள், நீர் நிரம்பிய ஏரியின் மதகு திறந்ததுபோல், அயனிகளைப் பாயவிடுகின்றன; நேர்மின்னூட்டம் உள்ளே புகுவதால் அழுத்தம் ஒரு மில்லிநொடிக்குள் தலைகீழாக மாறி, நரம்புத் துடிப்பு எழுகிறது. திறந்த சோடியம் கால்வாய் தானாகவே அடைபட்டுக்கொள்ள, சற்றுத் தாமதமாகத் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்கள் நேர்மின்னூட்டத்தை வெளியேற்றிப் பழைய நிலையை மீட்கின்றன. கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் மின்முனையைச் செலுத்தி இந்த வரிசையை அளந்து, 1952-இல் அதைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். 1963-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கால்வாய் என்ற மூலக்கூறைக் கண்ணால் கண்டதில்லை. தனியொரு கால்வாய் வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் நுட்பம், எர்வின் நெயர், பெர்ட் சாக்மன் ஆகியோரால் 1976-இல்தான் கைகூடியது.

சோடியம் கால்வாயின் முதன்மைப் பகுதி ஒரே நீண்ட புரதச் சங்கிலி. எஸ்சிஎன்1ஏ மரபணு உருவாக்கும் சங்கிலியில் 2,009 அமினோ அமிலங்கள் உள்ளன. அது உறைக்குள் நான்கு பகுதிகளாக மடிகிறது. ஒவ்வொரு பகுதியும் உறையை ஆறு முறை ஊடுருவிச் செல்கிறது. அவற்றுள் நான்காவது ஊடுருவல் நேர்மின்னூட்டம் கொண்டதாகையால் மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து நகர்ந்து கால்வாயைத் திறக்கிறது. இவ்வளவு நுட்பமான அமைப்பில் ஓர் அமினோ அமிலம் மாறினாலும் கால்வாய் திறக்காமல் போகலாம், திறந்தபின் சரியாக மூடாமல் கசியலாம், உறையை வந்தடையாமல் அணுவின் உள்ளேயே சிதைக்கப்படலாம். மனித உடலில் இத்தகைய சோடியம் கால்வாய்கள் ஒன்பது வகைப்படும். முதிர்ந்த மூளையில் முக்கியப் பங்கு வகிப்பவை எஸ்சிஎன்1ஏ, எஸ்சிஎன்2ஏ, எஸ்சிஎன்8ஏ ஆகிய மரபணுக்கள் உருவாக்கும் மூன்று.

வலிப்புக்கும் கால்வாய்க்கும் உள்ள மரபணு உறவு முதலில் உறுதியானது சோடியம் கால்வாயில் அன்று. உறக்கத்தில் மட்டும் வலிப்பு வரும் ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்றை ஆராய்ந்தபோது, நிகோடின் பிணையும் அசிட்டைல்கோலின் ஏற்பியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணுவில் பிழை இருப்பது 1995-இல் தெரியவந்தது. அந்த ஏற்பியும் வேதிப்பொருள் வந்து பிணைந்தால் திறக்கும் ஓர் அயனிக் கால்வாயே. 1998-இல் இரண்டு பொட்டாசியம் கால்வாய் மரபணுக்கள் இதில் சேர்ந்தன. இதே காலத்தில் மெல்போர்ன் மருத்துவர்களான இங்க்ரிட் ஷெஃபரும் சாமுவேல் பெர்கோவிச்சும், ஒரே குடும்பத்தில் சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் வலிப்பாகவும், சிலருக்கு ஆறு வயதுக்குப் பின்னும் தொடரும் காய்ச்சல் வலிப்பாகவும், ஓரிருவருக்குக் கடும் நோயாகவும் வெளிப்படும் ஒரு பரம்பரை நோய்க்கூட்டத்தை விவரித்திருந்தனர். அவ்வகைக் குடும்பங்களில் எஸ்சிஎன்1ஏ மரபணுவின் பிழை 2000-இல் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஆய்வாளர்கள், கடும் குழந்தைப்பருவ வலிப்பான டிராவே நோய் கொண்ட, ஒருவருக்கொருவர் உறவில்லாத ஏழு நோயாளிகளைச் சோதித்து, ஏழு பேரிடமும் அதே மரபணுவில் பிழை இருப்பதையும், அவர்களுடைய பெற்றோரிடம் அது இல்லாததையும் அறிவித்தனர்.

டிராவே நோயைப் பிரான்சின் மருத்துவர் சார்லட் டிராவே 1978-இல் தனி நோயாக விவரித்தார். அதன் தொடக்கம் ஏமாற்றக்கூடியது. நன்றாக வளர்ந்துவரும் குழந்தைக்கு ஐந்து முதல் எட்டு மாதத்திற்குள் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுக்கிறது. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு சில நிமிடங்களில் அடங்கிவிட, இது இருபது முப்பது நிமிடம் கடந்தும் நிற்பதில்லை. சில வாரங்களில் மீண்டும் வருகிறது, இம்முறை மறுபக்கத்தில். அந்நிலையில் எடுக்கும் எம்ஆர்ஐ, மூளை மின்வரைவு இரண்டும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வந்துபோவதால், இதுவும் அவற்றுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. இரண்டாம் ஆண்டில் காய்ச்சல் இல்லாமலும் வலிப்பு வரத் தொடங்கி, திடீர்த் தசைத்துள்ளல்களும் நினைவு தப்பும் கணங்களும் சேர்ந்து, பேச்சும் நடையும் பின்தங்கும்போதுதான் நோயின் முழு உருவம் தெரிகிறது. வெந்நீர்க் குளியலும் இக்குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டும். தென்னிந்தியாவில், குறிப்பாக மைசூர் வட்டாரத்தில், தலையில் மொண்டு ஊற்றும் வெந்நீரால் வரும் வலிப்பு மருத்துவர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்ததே. அது பெரும்பாலும் கட்டுக்குள் வரும் வேறொரு நோய், இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

மரபணு கிடைத்தவுடன் புதிர் அவிழ்வதற்குப் பதிலாக இறுகியது. டிராவே நோயாளிகளிடம் காணப்பட்ட பிழைகளுள் பல, புரதச் சங்கிலியைப் பாதியிலேயே அறுத்துவிடுபவை. அதாவது மரபணுவின் இரு படிகளில் ஒன்று வேலையே செய்யாமல், அது உருவாக்கும் வகைச் சோடியம் கால்வாய்களின் எண்ணிக்கை பாதியாகிறது. சோடியம் பாய்ச்சல் குறைந்தால் நரம்பணு துடிப்பது கடினமாக வேண்டும். வலிப்போ நரம்பணுக்கள் கட்டுமீறிக் கூட்டாகத் துடிப்பதால் வருவது. வலிப்புக்கான பழைய மருந்துகளுள் பல சோடியம் கால்வாயை அடைத்தே பயன் தருகின்றன. மருந்து செய்ய வேண்டிய வேலையை நோயே செய்துவிட்ட பிறகும் வலிப்பு வருவது எப்படி என்ற கேள்வி ஐந்தாண்டுகள் நின்றது.

விடை சியாட்டில் நகரில் வில்லியம் கேட்டராலின் ஆய்வகத்தில் எலிகளிடமிருந்து வந்தது. 2006-இல் வெளியான அந்த ஆய்வில், இந்த மரபணுவின் இரு படிகளையும் இழந்த எலிக்குட்டிகள் வலிப்பும் தள்ளாட்டமும் கண்டு பிறந்த பதினைந்தாம் நாளில் இறந்தன. ஒரு படியை மட்டும் இழந்தவை, டிராவே குழந்தைகளைப் போலவே, சில வாரம் இயல்பாக வளர்ந்து, மூன்றாம் வாரத்திற்குப் பின் வலிப்புற்று, சில திடீரென மடிந்தன. அவற்றின் மூளை நரம்பணுக்களைத் தனித்தனியே பிரித்துச் சோடியம் மின்னோட்டத்தை அளந்தபோது, பிறவற்றைத் தூண்டும் நரம்பணுக்களில் மாற்றம் எதுவும் இல்லை. பிறவற்றைத் தணிக்கும் நரம்பணுக்களில் மட்டும் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. மூளைப் புறணியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கான இந்தத் தணிக்கும் அணுக்கள், காபா என்ற வேதிப்பொருளை வெளியிட்டு அண்டை அணுக்களை அடக்கிவைப்பவை. அவற்றுள் ஒரு பிரிவு நொடிக்கு நூறு முறைக்கு மேல் இடைவிடாது துடிக்க வல்லது. அந்த வேகத்தைத் தாங்க வேண்டுமானால் ஒவ்வொரு துடிப்புக்கும் போதிய சோடியம் கால்வாய்கள் தயாராக இருக்க வேண்டும். எஸ்சிஎன்1ஏ உருவாக்கும் கால்வாய்தான் அங்கே முதன்மையானது. அது பாதியாகும்போது ஓரிரு துடிப்புகள் எழும், தொடர் துடிப்பு எழாது. அடக்குவோர் தளர, அடக்கப்பட வேண்டியவை கிளர்ந்தெழுகின்றன. ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் காஸுஹிரோ யாமகாவாவின் குழு அடுத்த ஆண்டே, இந்தக் கால்வாய் அவ்வகை வேகத்துடிப்பு அணுக்களின் நரம்பிழை தொடங்கும் இடத்தில் செறிந்திருப்பதைச் சாயமேற்றிக் காட்டியது. பின்னர், முன்மூளையின் தணிக்கும் அணுக்களில் மட்டும் மரபணுவை நீக்கினாலும் அதே நோய் உண்டாவது நிறுவப்பட்டதால், ஐயத்திற்கு இடம் குறைந்தது.

நோயாளிக்கு இதன் பொருள் நேரடியானது. சோடியம் கால்வாயை அடைக்கும் மருந்து, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தணிக்கும் அணுக்களை மேலும் தளர்த்துகிறது. மரபணு தெரிவதற்கு முன்பே, 1998-இல், ரென்சோ குவெரினியும் அவருடைய சக மருத்துவர்களும் இந்நோய் கொண்ட 21 பேருக்கு லாமோட்ரிஜின் கொடுத்ததன் விளைவை ஆராய்ந்து, 17 பேருக்கு வலிப்பு மோசமானதை எழுதியிருந்தனர். காரணம் அறியாமலேயே படுக்கையருகே கண்டதை நேர்மையாகப் பதிவு செய்த அந்தக் கட்டுரை, எட்டாண்டு கழித்து வந்த எலி ஆய்வுக்குச் சமமாக மதிக்கத்தக்கது. கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பமாசெபின், ஃபெனிட்டாயின் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை. விலை குறைந்தவை, எங்கும் கிடைப்பவை, ஒரு பக்க வலிப்பு என்றவுடன் மருத்துவரின் கை முதலில் எழுதும் மருந்துகள். டிராவே குழந்தைக்கு வருவதும் ஒரு பக்க வலிப்பாகவே இருப்பது இந்நோயின் கொடுமைகளுள் ஒன்று.

இதிலிருந்து, சோடியம் கால்வாய் மரபணு கெட்டிருந்தால் இம்மருந்துகள் ஆகா என்று பொதுவிதி வகுத்தால் அதுவும் தவறாகும். எஸ்சிஎன்2ஏ உருவாக்கும் கால்வாய் பிறந்த குழந்தையின் தூண்டும் அணுக்களில் மிகுந்திருக்கிறது. அதில் வேலையைக் கூட்டும் பிழை நேர்ந்தால் பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ வலிப்பு தொடங்குகிறது, அதற்கு ஃபெனிட்டாயினும் கார்பமாசெபினும் சிறந்த மருந்துகள். அதே மரபணுவில் வேலையைக் குறைக்கும் பிழை நேர்ந்தால் வலிப்பு மூன்று மாதத்திற்குப் பிறகு வருகிறது, அல்லது வலிப்பே இன்றி ஆட்டிசமாகவோ அறிவு வளர்ச்சிக் குறைவாகவோ வெளிப்படுகிறது. அங்கே அம்மருந்துகள் பயன்படுவதில்லை, சிலரிடம் தீங்கும் செய்கின்றன. ஒரே மரபணு, ஒரே மருந்து, எதிரெதிர் விளைவு. எஸ்சிஎன்8ஏ மரபணுவில் வேலையைக் கூட்டும் பிழைகளும் கடும் வலிப்பை உண்டாக்குகின்றன. அவற்றுக்குச் சோடியம் கால்வாயை அடைக்கும் மருந்துகள் உயர்ந்த அளவில் தேவைப்படுவதுண்டு.

பொட்டாசியம் கால்வாய்களின் கதை வேறு விதம். கேசிஎன்க்யூ2, கேசிஎன்க்யூ3 என்னும் இரு மரபணுக்கள் சேர்ந்து உருவாக்கும் கால்வாய், நரம்பணு அடுத்தடுத்துத் துடிப்பதைக் கட்டுப்படுத்துவது. அதன் வேலை சிறிது குறைந்தால், பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் வலிப்பு தொடங்கி, சில மாதங்களில் தானாகவே நின்று, குழந்தை இயல்பாக வளர்கிறது. பச்சிளம் பருவத்தில் காபா இன்னும் முழுமையாகத் தணிக்கும் தன்மை பெறாததால், அப்போது இப்பொட்டாசியம் கால்வாய்களே கிளர்ச்சியை அடக்கும் பெரும் பொறுப்பை ஏற்கின்றன என்பதும், வளர வளரப் பிற ஏற்பாடுகள் அப்பொறுப்பை ஏற்பதால் வலிப்பு நின்றுவிடுகிறது என்பதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆனால் அதே கேசிஎன்க்யூ2 மரபணுவில் நேரும் கடுமையான பிழைகள் பச்சிளம் பருவத்திலேயே மூளை வளர்ச்சியைச் சிதைக்கும் நோயாகின்றன என்பது 2012-இல் தெரிந்தது. இக்கால்வாயைத் திறந்துவைக்கும் ரெட்டிகாபின் என்ற மருந்து தர்க்கப்படி பொருத்தமானதாக இருந்தும், தோலிலும் விழித்திரையிலும் நீலச்சாம்பல் நிறமேற்றியதாலும் பயன்பாடு சுருங்கியதாலும் 2017-இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. நோயின் மூலத்தை அறிவது மருந்தைத் தந்துவிடுவதில்லை.

மரபணு நோய் என்றாலே பரம்பரை நோய் என்று கொள்ளும் வழக்கம் குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி சிறிதன்று. டிராவே நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் பிழை பெற்றோரிடமிருந்து வந்ததில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது அல்லது கருவுற்ற தொடக்கத்தில் புதிதாக நேர்ந்தது. பிழைபட்ட ஒரே படி போதுமாதலால், இரு படிகளும் கெட்டால்தான் தோன்றும் நோய்களைப் போல நெருங்கிய உறவில் மணம் முடித்ததை இதற்குக் காரணமாகச் சொல்லவும் முடியாது. தாயின் கருக்கால நடத்தைக்கும் இதில் பங்கில்லை. எனினும் அடுத்த குழந்தைக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லிவிடுவதற்கும் இல்லை: இத்தகைய கடும் குழந்தைப்பருவ வலிப்புகளில், புதிதாக நேர்ந்தவை என்று கருதப்பட்ட பிழைகளைக் கொண்ட 120 குடும்பங்களை நுண்ணிய முறையில் மறுபடி ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வு, 10 குடும்பங்களில் தாய் அல்லது தந்தையின் உடல் அணுக்களில் ஒரு பகுதி மட்டும் அப்பிழையைத் தாங்கியிருப்பதை 2018-இல் காட்டியது. அப்பெற்றோருக்குப் பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் இராது. அடுத்த குழந்தைக்கு அது வரலாம். இந்தியாவில் வலிப்பு நோயை மணத்தடையாக வைத்திருந்த இந்துத் திருமணச் சட்டத்தின் வாசகம் 1999-இல்தான் நீக்கப்பட்டது என்பதையும் இங்கே நினைவூட்டலாம். சட்டம் விட்டதைச் சம்பந்தம் பேசுபவர்கள் இன்னும் விட்டபாடில்லை.

பழி சுமந்தவற்றுள் தடுப்பூசியும் ஒன்று. கக்குவான் இருமல் தடுப்பூசிக்குப் பின் மூளை பாதிக்கப்பட்டதாகச் சில குழந்தைகளைப் பற்றி 1974-இல் லண்டனிலிருந்து வந்த அறிக்கை பெரும் அச்சத்தை எழுப்ப, பிரிட்டனில் அந்த ஊசி போட்டுக்கொள்வோர் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பதிலிருந்து முப்பது வரை சரிந்து, அப்பத்தாண்டின் இறுதியில் கக்குவான் இருமல் கொள்ளைநோயாகத் திரும்பியது. முப்பதாண்டு கழித்து, பெர்கோவிச்சின் குழு, தடுப்பூசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரின் மரபணுவைப் பரிசோதித்தது. 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ பிழை இருந்தது. குழந்தைக்கு ஊசி போடும் பருவமும் டிராவே நோய் வெளிப்படும் பருவமும் ஒன்றாக இருப்பதும், ஊசிக்குப் பின்வரும் காய்ச்சல் வலிப்பைத் தூண்டுவதும் சேர்ந்து உண்டாக்கிய மயக்கம் அது. 2010-இல் வந்த தொடர் ஆய்வு, ஊசியை ஒட்டி நோய் தொடங்கியவர்களுக்குத் தொடக்கம் எட்டு வாரம் அளவுக்கு முந்தினாலும், பிற்காலப் பாதிப்பில் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் வேறுபாடில்லை என்று காட்டியது. மரபணுப் பிழை கருவிலேயே அமைந்துவிட்டது. ஊசி போடாவிட்டால் வேறொரு காய்ச்சல் அதை வெளிப்படுத்தியிருக்கும்.

சிகிச்சையில் முன்னேற்றம் உண்டு, முழு நிவாரணம் இன்னும் இல்லை. வால்ப்ரோயேட், குளோபசாம் இரண்டும் அடிப்படை மருந்துகள். அவற்றோடு ஸ்டிரிபென்டால் சேர்த்துப் பிரான்சில் நடந்து 2000-இல் வெளியான சோதனையில், மருந்து பெற்ற 21 குழந்தைகளில் 15 பேருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது. போலி மாத்திரை பெற்ற 20 பேரில் ஒருவருக்கே அவ்வாறு குறைந்தது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுக்கும், போதை தராத கன்னபிடியால் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் இளைக்க விற்கப்பட்டு, இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997-இல் திரும்பப் பெறப்பட்ட ஃபென்ஃப்ளூராமின், குறைந்த அளவில் டிராவே நோய்க்கு மருந்தாக 2020-இல் மறுபிறவி எடுத்தது. இவற்றுள் எதுவும் பழுதான கால்வாயைச் சீராக்குவதில்லை. வலிப்பைக் குறைக்கின்றன, அவ்வளவே. குறைப்பதே உயிர் காப்பதாகவும் அமையலாம்: இந்நோயில் உறக்கத்திலோ வலிப்பை அடுத்தோ திடீர் மரணம் நேரும் ஆபத்து பிற வலிப்புகளைவிட மிக அதிகம்.

மூலத்தையே தொடும் முயற்சிகளில் ஒரு தடை மரபணுவின் அளவு. 2,009 அமினோ அமிலங்களுக்கான குறிப்பு மட்டுமே 6,000 எழுத்துகளைத் தாண்டுகிறது. மரபணுவைச் சுமந்து செல்லப் பரவலாகப் பயன்படும் வைரஸ் உறையின் கொள்ளளவு ஏறத்தாழ 4,700. ஆகவே ஆய்வாளர்கள் நல்ல நிலையில் இருக்கும் மற்றொரு படியை நோக்கித் திரும்பினர். அப்படியிலிருந்து எழுதப்படும் ஆர்என்ஏ நகல்களுள் ஒரு பகுதி, இடையில் வேண்டாத துண்டு ஒன்று சேர்வதால் பயனின்றி அழிக்கப்படுகிறது. அத்துண்டு சேராமல் தடுக்கும் சிறு மரபிழை ஒன்றை முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால், நல்ல படியே கூடுதல் புரதத்தை உருவாக்கும். ஜோரெவுனர்சன் என்று பெயரிடப்பட்ட இம்மருந்து எலிகளில் வலிப்பையும் மரணத்தையும் வெகுவாகக் குறைத்தது. தொடக்கக் கட்டச் சோதனைகளைக் கடந்து, குழந்தைகளிடம் மூன்றாம் கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது.

மரபணு அறிக்கையைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் காணப்படும் ஒவ்வொரு மாற்றமும் நோய்க்காரணம் ஆகாது. பொருள் தெளிவாகாத மாற்றம் என்று ஆய்வகம் குறித்தால், அது தீர்ப்பன்று, பெற்றோரையும் சோதித்துப் பார்க்க வேண்டிய குறிப்பு. ஒரே பிழை ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இரண்டு காய்ச்சல் வலிப்போடு முடிவதும் மற்றொருவரை வாழ்நாள் நோயாளியாக்குவதும் உண்டு. எஞ்சிய மரபணுக்களின் பங்கு அதில் இருக்கக்கூடும். இவ்வளவு இருந்தும், சோதனையைத் தள்ளிப்போடுவதற்கு இது காரணமாகாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு, அதிலும் ஒரு முறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாக, திரும்பத் திரும்ப வருமானால், எம்ஆர்ஐ இயல்பாக இருக்கிறது என்று அமைதியடையாமல் எஸ்சிஎன்1ஏ சோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை கார்பமாசெபினையும் அதன் இனத்து மருந்துகளையும் நாள்தோறும் கொடுக்கும் மருந்தாகத் தொடங்காதிருப்பதே பாதுகாப்பானது.